விரல் நுனியில் ஒரு காவல்

இருட்டறையில் டார்ச் விளக்கின் முகப்பை உள்ளங்கையால் மூடிப் பார்த்திருக்கிறீர்களா? விரல்களின் ஓரங்கள் செக்கச் செவேலென்று ஒளிரும். சிறுவயதில் நாம் எல்லோரும் செய்து மகிழ்ந்த விளையாட்டுத்தான் இது. வெள்ளொளியில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் நீலத்தையும் பச்சையையும் தசையும் குருதியும் பெரும்பாலும் உட்கவர்ந்துவிடுகின்றன. சிவப்பு மட்டும் ஓரளவு தப்பி மறுபுறம் வெளிவருகிறது.

இந்த எளிய விளையாட்டுக்குள் ஓர் உயிர்காக்கும் கருவியின் தத்துவம் அடங்கியிருக்கிறது. அதுதான் பல்ஸ் ஆக்சிமீட்டர். துணி உலர்த்தும் கிளிப்பைப் போல விரலைக் கவ்விக்கொண்டு, குருதியில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை எண்ணால் காட்டும் சிறு கருவி. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய் பரவியபோது இது மருந்துக் கடைகளிலிருந்து நம் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. பலர் காலையும் மாலையும் விரலை நுழைத்து எண்ணைப் பார்த்துக்கொண்டனர். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சிந்தித்தவர்கள் சிலரே.

மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்கு அவருடைய நோயினால் வரும் ஆபத்து ஒன்று. சிகிச்சையின்போது நேரும் தவறுகளாலும் கவனக் குறைவாலும் வரும் ஆபத்து மற்றொன்று. இந்த இரண்டாவது ஆபத்தைக் குறைப்பதையே நோயாளிப் பாதுகாப்பு என்கிறோம். 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17ஆம் நாளை இதற்கென உலக சுகாதார நிறுவனம் ஒதுக்கியுள்ளது. இந்தத் துறையில் இயற்பியலும் பொறியியலும் ஆற்றிய பங்குக்குப் பல்ஸ் ஆக்சிமீட்டரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதன் கதையைச் சற்று விரிவாகக் காண்போம்.

கண் ஏமாறும் இடம்

மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நோயாளியை எண்ணிப் பாருங்கள். அவரால் பேச முடியாது. தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்கப்பட்டிருந்தால் அவரால் தாமாக மூச்சு விடவும் முடியாது. ஒரு குழாய் வழியாக இயந்திரமோ மருத்துவரின் கையோதான் அவருடைய நுரையீரலுக்குக் காற்றை அனுப்புகிறது. அந்தக் குழாய் கழன்றுவிட்டால்? ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டால்? மூச்சுக் குழலுக்குள் செல்ல வேண்டிய குழாய் தவறி உணவுக் குழலுக்குள் சென்றுவிட்டால்? ஆக்சிஜன் இன்றி மூளை சில நிமிடங்களே தாக்குப்பிடிக்கும். அதற்குள் யாரேனும் கண்டறிந்தாக வேண்டும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் வருவதற்கு முன் மருத்துவர்கள் நம்பியிருந்தது தங்கள் கண்களையே. ஆக்சிஜன் குறைந்தால் உதடும் நகமும் நீலம் பாயும். நீலம் தெரிந்தால் ஆபத்து என்று கொள்வார்கள். ஆனால் இந்த அடையாளம் மிகத் தாமதமாகவே தெரியும். 1947இல் அமெரிக்காவில் காம்ரோ, பொட்டெல்ஹோ என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தனர். ஆக்சிஜன் நிறைவு ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு இறங்கும்வரை பார்வையாளர்களில் பெரும்பாலோரால் நீலத்தை உறுதியாகக் கண்டுகொள்ள முடியவில்லை. 80 சதவீதம் என்பது ஏற்கெனவே பெரும் ஆபத்தான நிலை.

நம் நாட்டு நோயாளிகளுக்கு இதில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. 100 மில்லிலிட்டர் குருதியில் ஆக்சிஜன் அற்ற ஹீமோகுளோபின் ஏறத்தாழ 5 கிராம் சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குத் தெரியும் என்பது மருத்துவ நூல்கள் கூறும் கணக்கு. இது தந்துகிகளில் உள்ள குருதிக்கான சராசரி அளவு. உடல்நலம் உள்ள ஒருவரின் 100 மில்லிலிட்டர் குருதியில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருப்பதாகக் கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜனை இழந்தால் 5 கிராம் ஆகிவிடும். இரத்தச் சோகை உள்ள ஒருவருக்கு 7.5 கிராம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மூன்றில் இரண்டு பங்கு போனால்தான் 5 கிராம் சேரும்! அதாவது யாருக்கு ஆக்சிஜன் இருப்பு குறைவோ, அவருக்கே எச்சரிக்கையும் தாமதமாக வருகிறது. சில வேளைகளில் வராமலே போகிறது. நிறம் மாநிறமோ கறுப்போ ஆனால் தோலில் நீலத்தைக் காண்பது இன்னும் கடினம். ஆகவே, கண்ணுக்குத் துணையாக ஒரு கருவி கட்டாயம் தேவைப்பட்டது.

செங்குத்துச் சரிவு

ஆக்சிஜன் நிறைவு என்றால் என்ன? குருதியின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதம்தான் ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு இருக்கைகள் உண்டு எனலாம். ஒவ்வொன்றிலும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு அமரும். மொத்த இருக்கைகளில் எத்தனை சதவீதம் நிரம்பியுள்ளன என்பதே ஆக்சிஜன் நிறைவு. உடல்நலம் உள்ளவர்களின் தமனிக் குருதியில் இது பொதுவாக 95 முதல் 100 சதவீதம் வரை இருக்கும்.

தேர்வில் 90 மதிப்பெண் வாங்கிய மாணவனை நாம் பாராட்டுவோம். ஆனால் ஆக்சிஜன் நிறைவு 90 என்றால் மருத்துவர் பதறுகிறார். ஏன்? இதற்கு விடை ஒரு வரைகோட்டில் உள்ளது. குருதியில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் அளவு இருக்கும்போது நிறைவு ஏறத்தாழ 97 சதவீதம். அழுத்தம் 60க்கு இறங்கினாலும் நிறைவு 90 சதவீதம் இருக்கும். அதாவது அழுத்தம் 40 அலகு குறைந்தும் நிறைவு 7 சதவீதமே குறைந்திருக்கிறது. அதற்குக் கீழே நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. அழுத்தம் 40க்கு வந்தால் நிறைவு 75 சதவீதம். 27க்கு வந்தால் வெறும் 50 சதவீதம்.

மலைமேல் ஒரு சமவெளி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் விளிம்பு வரை நடப்பதில் ஆபத்து தெரிவதில்லை. விளிம்பைத் தாண்டினால் செங்குத்துச் சரிவு. 90 சதவீதம் என்பது அந்த விளிம்பு. அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே நம்மைத் தடுத்து நிறுத்தும் காவலன் தேவை.

இரண்டு நிற ஒளிகள்

இனி ஒளிக்கு வருவோம். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் கருஞ்சிவப்பு. இந்த நிற வேறுபாட்டை எண்களில் கூறலாம். 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை, ஆக்சிஜன் அற்ற ஹீமோகுளோபின், ஆக்சிஜன் ஏறியதைவிட ஏறத்தாழ 10 மடங்கு மிகுதியாக உட்கவர்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் பகுதியில், 940 நானோமீட்டரில், கதை தலைகீழ்; அங்கே ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினே மிகுதியாக உட்கவர்கிறது. ஆகவே, இந்த இரண்டு ஒளிகளையும் மாறி மாறி விரலினூடே செலுத்தி, மறுபுறம் வெளிவரும் அளவை ஒப்பிட்டால் எந்த வகை ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம் அல்லவா?

கல்லூரி மாணவர்கள் இதில் பீர்-லாம்பர்ட் விதியை அடையாளம் கண்டுகொள்வார்கள். நிறமுள்ள கரைசலில் ஒளி செல்லும்போது, சம தடிமனுள்ள ஒவ்வோர் அடுக்கும் தன்னிடம் வரும் ஒளியில் சம விகிதத்தைக் குறைக்கிறது. முதல் அடுக்கு பாதியாக்கினால், இரண்டாம் அடுக்கு அதையும் பாதியாக்கும். எஞ்சுவது கால் பங்கு. எவ்வளவு ஒளி குறைந்தது என்று தெரிந்தால் வழியில் எவ்வளவு நிறப்பொருள் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் விரல் ஆய்வகத்துக் கண்ணாடிக் குப்பி அல்லவே! அதில் தோல், கொழுப்பு, எலும்பு, நகம், சிரைக் குருதி எல்லாம் இருக்கின்றன. எல்லாமே ஒளியைக் குறைக்கின்றன. ஆளுக்கு ஆள் விரலின் பருமனும் வேறு. இவற்றினூடே தமனிக் குருதியை மட்டும் பிரித்து அளப்பது எப்படி?

இதுதான் முன்னோடிகளைத் திணற வைத்த கேள்வி. 1930களில் ஜெர்மனியில் கார்ல் மாத்தெஸ் காது மடலினூடே இரு நிற ஒளிகளைச் செலுத்திப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது, உயரே பறக்கும் விமானிகள் ஆக்சிஜன் குறைந்து நினைவிழப்பதைத் தடுக்க கிளென் மில்லிகன் காதில் பொருத்தும் கருவி ஒன்றை உருவாக்கி, ஆக்சிமீட்டர் என்ற பெயரையும் சூட்டினார். பின்னர் எர்ல் உட் என்பவர் காது மடலை அழுத்திக் குருதியை வெளியேற்றி முதலில் ஓர் அளவும், விட்ட பின் மற்றோர் அளவும் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். காதைச் சூடாக்க வேண்டும், அழுத்த வேண்டும், அடிக்கடி சரிபார்க்க வேண்டும். ஆய்வுக் கூடத்துக்கு இது ஏற்றது; பரபரப்பான அறுவை அறைக்கு ஏற்றதல்ல.

இரைச்சலே செய்தியானது

விடை ஜப்பானிலிருந்து வந்தது. தக்குவோ அயோயாகி என்ற பொறியாளர், நிஹோன் கோடன் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் 1970களின் தொடக்கத்தில் வேறொரு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு குருதியை வெளியேற்றுகிறது என்பதை, காதின் வழியே அளக்க முடியுமா என்பதே அவருடைய நோக்கம். குருதியில் ஒரு சாயத்தைச் செலுத்தி, அது காது மடலைக் கடக்கும்போது ஒளி குறைவதைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பதிவான கோடு வழவழப்பாக வரவில்லை. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு சிறு மேடும் பள்ளமும் குறுக்கிட்டன. இதை நீக்க வேண்டிய இரைச்சல் என்றே அவர் கருதினார்.

அதை நீக்க ஒரு வழியும் கண்டார். சாயம் உட்கவராத அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்துச் செலுத்தினார். அதிலும் அதே துடிப்பு இருக்குமாதலால், ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சரிக்கட்டிவிடலாம். முயற்சி பலித்தது. ஆனால் குருதியின் ஆக்சிஜன் நிறைவு மாறியபோது சரிக்கட்டல் கெட்டுப்போய், துடிப்பு மீண்டும் தலைகாட்டியது.

வேறொருவராயின் எரிச்சலடைந்து கருவியைத் திருத்த முனைந்திருப்பார். அயோயாகி நின்று சிந்தித்தார். சரிக்கட்டல் கெடுவது ஆக்சிஜன் மாறுவதால் என்றால், கெடும் அளவைக்கொண்டே ஆக்சிஜனை அளக்கலாமே! மேலும், ஒவ்வொரு துடிப்பின்போதும் விரலிலோ காதிலோ புதிதாக வந்து நிறைவது தமனிக் குருதி மட்டுமே. தோலும் எலும்பும் துடிப்பதில்லை. ஒளியில் துடிக்கும் பகுதியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விலகிவிடும். காதை அழுத்த வேண்டியதில்லை. இதயமே அந்த வேலையைச் செய்துகொடுக்கிறது. எதை இரைச்சல் என்று ஒதுக்கினாரோ அதுவே தேடிய செய்தியாயிற்று. இந்தக் கருத்தை 1974இல் அவர் வெளியிட்டார்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விரலைக் கடந்து வரும் சிவப்பு ஒளி 1000 அலகு. அதில் துடிப்பால் ஏறி இறங்குவது 10 அலகு, அதாவது 1 சதவீதம். அகச்சிவப்பு ஒளியும் 1000 அலகு; அதில் துடிப்பது 20 அலகு, அதாவது 2 சதவீதம். முதல் சதவீதத்தை இரண்டாவதால் வகுத்தால் 0.5 கிடைக்கும். பாடநூல்களில் கூறப்படும் தோராயமான சூத்திரப்படி இந்த விகிதத்தை 25ஆல் பெருக்கி 110இலிருந்து கழிக்க வேண்டும். 12.5ஐக் கழித்தால் 97.5. நோயாளி நலம். விகிதம் 1 ஆகிவிட்டால்? 110இலிருந்து 25 போக 85. உடனே கவனிக்க வேண்டும்!

இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அது பீர்-லாம்பர்ட் விதியிலிருந்து நேராகப் பிறந்ததன்று. உடல்நலமுள்ள தொண்டர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, அவர்களுடைய தமனிக் குருதியை எடுத்து ஆய்வகத்தில் அளந்து, அதே நேரத்தில் கருவி காட்டும் விகிதத்தோடு பொருத்தி அமைத்த அட்டவணையே கருவிக்குள் இருக்கிறது. தொண்டர்களின் ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் குறைக்க முடியாது. ஏறத்தாழ 70 சதவீதத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனவே, அதற்குக் கீழே கருவி காட்டும் எண்கள் ஊகக் கணக்கே. தொண்டர்களைக்கொண்டு அட்டவணை அமைத்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது தேவைப்படும்.

அறுவை அறையில் காவலன்

1980களின் தொடக்கத்தில், ஒளி உமிழும் சிறு டையோடுகளும் நுண்கணிப்பொறிச் சில்லுகளும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. அமெரிக்க நிறுவனங்கள் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அவற்றில் ஒரு நல்ல ஏற்பாடு, துடிப்புக்குத் துடிப்பு எழும் ஒலி. ஆக்சிஜன் நிறைவு இறங்கினால் ஒலியின் சுருதியும் இறங்கும். மருத்துவர் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. கை வேறு வேலையில் இருந்தாலும் காது காவல் காக்கும்.

இதே காலத்தில் மருத்துவமனைத் தவறுகளை விஞ்ஞான முறைப்படி ஆராயும் முயற்சியும் நடந்தது. பாஸ்டன் நகரில் ஜெஃப்ரி கூப்பர் என்ற பொறியாளர், விமான விபத்துத் துறையில் கையாளப்பட்ட முறையைப் பின்பற்றி, மயக்க மருந்து கொடுப்பவர்களைச் சந்தித்து, தவிர்த்திருக்கக்கூடிய நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தொகுத்தார். 1978இல் வெளியான அவருடைய ஆய்வில் 359 நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. அவற்றில் 82 சதவீதத்தில் மனிதத் தவறு சம்பந்தப்பட்டிருந்தது; கருவி பழுதானது 14 சதவீதத்தில் மட்டுமே. குழாய் கழன்றுபோதல், வாயுவின் அளவைத் தவறுதலாக மாற்றிவிடுதல், ஊசி மருந்து மாறிப்போதல் ஆகியவை அடிக்கடி நேர்ந்தன. தவறு செய்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். களைப்பும் அவசரமும் உள்ள மனிதர்கள். ஆகவே, யார் தவறு செய்தார் என்று தேடுவதைவிட, தவறு நேர்ந்தாலும் நோயாளிக்குத் தீங்கு வராதபடி ஏற்பாடு செய்வதே அறிவுடைமை என்ற எண்ணம் வலுப்பெற்றது.

1986இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைகள், மயக்க நிலையில் உள்ள நோயாளியை எவ்வாறு இடைவிடாது கண்காணிக்க வேண்டும் என்ற விதிமுறைகளை வெளியிட்டன. அமெரிக்க மயக்கவியலாளர் சங்கமும் அதே ஆண்டில் விதிமுறைகளை ஏற்றுக்கொண்டு, 1990 முதல் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கட்டாயமாக்கியது.

ஆனால் உலகம் முழுவதும் இந்த வசதி பரவிவிடவில்லை. 2010இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 77,700 அறுவை அறைகளில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லை. ஐந்தில் ஓர் அறை என்று கொள்ளலாம். இக்குறையைப் போக்கவே 2011இல் லைஃப்பாக்ஸ் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கப்பட்டு, ஏழை நாடுகளுக்கு உறுதியான, விலை குறைந்த கருவிகளை வழங்கி வருகிறது.

கருவி மட்டும் போதுமா?

இங்கே அறிவியல் மாணவர்கள் மறுக்காமல் ஏற்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. 1993இல் வெளியான டென்மார்க் நாட்டு ஆய்வு ஒன்றில் 20,802 நோயாளிகள் இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு ஆக்சிமீட்டர் பொருத்தப்பட்டது. மறு பிரிவுக்குப் பொருத்தப்படவில்லை. கருவி உள்ள பிரிவில் 7.9 சதவீதத்தினருக்கு ஆக்சிஜன் குறைவு கண்டறியப்பட்டது. கருவி இல்லாத பிரிவில் கண்டறியப்பட்டது 0.4 சதவீதம் மட்டுமே. கண்ணுக்குத் தப்பியதைக் கருவி பிடித்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் இறப்பு எண்ணிக்கையில் இரு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை.

அப்படியானால் கருவி வீணா? அல்ல. நல்ல வசதியும் பயிற்சியும் உள்ள நாட்டில் அத்தகைய இறப்புகள் மிக அரிதாதலால், இருபதாயிரம் பேரில் வேறுபாடு தெரியாமல் போகலாம். ஆனால் இதில் மற்றொரு பாடமும் உண்டு. எச்சரிக்கை மணி யாரையும் காப்பாற்றுவதில்லை. மணியைக் கேட்டு ஒருவர் எழுந்து, காரணத்தைத் தேடி, சரிசெய்தால்தான் நோயாளி பிழைப்பார்.

இதை உணர்ந்தே உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளி இவர்தானா? அறுவை செய்ய வேண்டிய இடம் இதுதானா? ஒவ்வாமை உண்டா? பல்ஸ் ஆக்சிமீட்டர் பொருத்தப்பட்டு இயங்குகிறதா? இப்படிப்பட்ட எளிய கேள்விகளை மயக்கம் கொடுப்பதற்கு முன்பும், கத்தி வைப்பதற்கு முன்பும், நோயாளி அறையை விட்டுச் செல்வதற்கு முன்பும் உரக்கக் கேட்டு விடை பெற வேண்டும். டில்லி உள்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளில் பட்டியல் நடைமுறைக்கு வந்த பிறகு குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2014இல் மற்றோர் ஆய்வு கூறியது. காகிதத்தில் குறியிடுவது வேறு. ஒருவரையொருவர் பார்த்துக் கேட்டு உறுதி செய்வது வேறு என்பதையே இது நமக்கு நினைவூட்டுகிறது.

நம் தோல் நிறமும் கருவியும்

தொண்டர்களைக்கொண்டு அட்டவணை அமைத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? அந்தத் தொண்டர்கள் பெரும்பாலும் வெளிர்நிறத் தோல் உடையவர்களாக இருந்தால் என்ன ஆகும்?

கொள்கையளவில் தோலின் நிறம் ஒரு தடையே அல்ல. தோலில் உள்ள மெலனின் என்னும் கருநிறப் பொருள் துடிப்பதில்லை. துடிக்காத அனைத்தும் கணக்கிலிருந்து விலகிவிடும் என்பதுதானே அயோயாகியின் தத்துவம்? ஆனால் நடைமுறை அவ்வாறு அமையவில்லை. கருநிறத் தோலில், ஆக்சிஜன் குறையும்போது கருவிகள் உள்ளதைவிடச் சற்று அதிகமாகக் காட்டுகின்றன என்று கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 2005இலேயே எழுதினர். பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை வெளியாயிற்று. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளில், குருதியை நேராக எடுத்து அளந்தபோது 88 சதவீதத்துக்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். ஏறத்தாழ மூன்று மடங்கு! கொரோனா நோயாளிகளுக்கு ஆக்சிஜன் தர வேண்டுமா, படுக்கை ஒதுக்க வேண்டுமா என்பதை இந்த எண்ணைப் பார்த்தே முடிவு செய்த காலம் அது. அடுத்த ஆண்டே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது.

இதற்கு இயற்பியல் தரும் விளக்கம் ஒன்று உண்டு. டையோடிலிருந்து வரும் சிவப்பு ஒளி மிகச் சரியாக 660 நானோமீட்டர் அன்று. அதன் இருபுறமும் சிறிது பரவியிருக்கும். மெலனின் குறைந்த அலைநீளங்களையே மிகுதியாக உட்கவரும். அதனால் தோலைக் கடந்த ஒளியில் சற்று நீண்ட அலைநீளங்கள் மேலோங்கிவிடுகின்றன. அங்கே ஆக்சிஜன் அற்ற ஹீமோகுளோபினின் உட்கவர்ச்சி குறைவு. ஆகவே விகிதம் குறைந்து, நிறைவு கூடுதலாகத் தெரிகிறது. தோல் ஒரு நிற வடிகட்டியாகிவிடுகிறது எனலாம். தவறு ஒளியின் விதியில் இல்லை. அட்டவணை யாரைக்கொண்டு அமைக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் மாநிறத்தவரும் கறுப்பு நிறத்தவரும்தாமே? எல்லா நிறத்தவரையும் சேர்த்துச் சோதித்த கருவிகளே நமக்கு வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

எண்ணைப் படிக்கும் முறை

வீட்டிலோ மருத்துவமனையிலோ இக்கருவியை நீங்கள் பார்க்கும்போது சில செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள்.

நகப்பூச்சையும் அழுக்கையும் அகற்றுங்கள். அடர்ந்த கருநிற மருதாணி இட்ட விரலைத் தவிர்த்து வேறு விரலில் பொருத்துங்கள். கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். குளிரில் தமனிகள் சுருங்கித் துடிப்பு நலிந்துவிடும். கையை அசைக்காமல் அரை நிமிடமாவது காத்திருந்து, எண் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். கருவி காட்டும் நாடித் துடிப்பும், நீங்கள் மணிக்கட்டில் எண்ணிய துடிப்பும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒத்திராவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம்.

ஒற்றை எண்ணைவிட அது செல்லும் திசை முக்கியம். நலமாக இருக்கும்போது 98 காட்டியவருக்கு இன்று 94 என்றால், அந்த 94ஐ அலட்சியம் செய்யக் கூடாது. அதேபோல, எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக மூச்சுத் திணறலையும் குழப்பத்தையும் புறக்கணிக்கக் கூடாது. நோயாளியைப் பார்த்த பிறகே எண்ணைப் பார்க்க வேண்டும்.

கருவிக்குத் தெரியாதவையும் உண்டு. மூடிய அறையில் கரி அடுப்புப் புகையில் மயங்கியவரின் குருதியில் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டிருக்கும். இரு நிற ஒளியால் அதை ஆக்சிஜனிலிருந்து பிரித்தறிய முடியாது. உயிருக்குப் போராடுபவருக்கும் கருவி 98 காட்டக்கூடும்! இரத்தச் சோகையும் அப்படித்தான். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 15 கிராம் உள்ளவரின் 100 மில்லிலிட்டர் குருதியில் 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன், 7.5 கிராம் உள்ளவருக்கு அதில் பாதி. ஆனால் இருவருக்கும் கருவி 98 என்றே காட்டும். அது இருக்கைகளில் எத்தனை சதவீதம் நிரம்பியுள்ளன என்று சொல்லுமே தவிர, வண்டிகள் எத்தனை என்று சொல்லாது. கரியமில வாயு வெளியேறுகிறதா என்பதையும் அது அறியாது. அதற்குக் கேப்னோகிராஃப் என்ற வேறொரு கருவி உண்டு.

மருத்துவமனையில் உறவினருக்குத் துணையாக இருப்பவர்கள், தொந்தரவாக இருக்கிறதென்று விரல் கிளிப்பைக் கழற்றிவிடாதீர்கள். மணி ஒலித்தால் நிறுத்தத் தேடாமல் செவிலியரை அழையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த இரவில் அந்த மணி ஒலித்தது. கிளிப் நழுவியிருக்கும் என்று நான் விரலைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஓடி வந்த செவிலியரோ திரையைப் பார்க்கவில்லை. முதலில் என் தந்தையாரின் மார்பைப் பார்த்தார். தலையணை சரிந்து கழுத்து மடங்கி மூச்சு தடைப்பட்டிருந்தது. தலையை நிமிர்த்தி வைத்ததும் எண் ஏறியது. இயற்பியல் படித்த நான் கருவியைப் பார்த்தேன். அந்தச் சகோதரி நோயாளியைப் பார்த்தார். அன்று கற்றுக்கொண்ட பாடத்தை இன்றும் வகுப்பில் சொல்லி வருகிறேன்.

அயோயாகி 2020 ஏப்ரலில், தமது 84ஆம் வயதில் மறைந்தார். உலகெங்கும் கோடிக்கணக்கான விரல்களில் அவருடைய கருத்து ஒளிர்ந்துகொண்டிருந்த நேரம் அது. ஒழிக்க முயன்ற இரைச்சலை ஒரு நிமிடம் நின்று கவனித்ததால் அவர் இதைக் கண்டார். கண்டதை விதிமுறையாக்கிய மருத்துவர்களும், மணி கேட்டு ஓடி வரும் செவிலியர்களும் சேர்ந்தபோதுதான் அது காவலாயிற்று. அதன் குறைகளைச் சொல்லித் திருத்துவோரும் அந்தக் காவலை மேலும் உறுதியாக்குபவர்களே. இன்றிரவு மீண்டும் ஒருமுறை டார்ச் விளக்கை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள். அந்தச் செந்நிற ஒளியில் உங்கள் இதயத்தின் துடிப்பும் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த 1 சதவீத ஏற்ற இறக்கத்தைத்தான் கருவி படித்துச் சொல்கிறது.